முனி வளைவில் மட்டும் ஒரு சத்தம்

வாயால் வண்டிச் சத்தம் போட்டுக் காட்டும் பெரிய மனிதர்கள் முன்னால் சிரிக்காமல் நிற்கத் தெரிந்தவனுக்குத்தான் கராஜ் தொழில் சரிப்பட்டு வரும். எனக்கு அந்த வித்தை பதுளையில் பாதி ஆயுசைத் தொலைத்த பிறகுதான் கைவந்தது. கையில் கிரீஸும் காதில் புலம்பலுமாகக் காலம் தள்ளுகிற சக தொழிலாளிகளே, நான் சொல்லப் போவது உங்களுக்கு ஒன்றும் புதுசு இல்லை. ஆனாலும் கேளுங்கள். நம்ம பாட்டை நம்மைத் தவிர வேறு யார் கேட்கப் போகிறார்கள்?

நம்மிடம் வருகிற முறைப்பாட்டில் முக்கால்வாசி ஒன்றுதான். திரும்பும்போது நறநற என்று சத்தம். எங்கள் ஊவா மாகாணத்தில் ரோடு போட்ட மகராசனுக்கு நேராகக் கோடு இழுக்கத் தெரியாது. பூனாகலைக்குப் போனாலும் சரி, லுணுகலைக்குப் போனாலும் சரி, திரும்பாமல் ஒரு கூப்பிடு தூரம் போக முடியாது. ஆகவே இங்கே "திரும்பும்போது சத்தம்" என்று ஒருவர் சொன்னால், வீட்டை விட்டுக் கிளம்பியதிலிருந்து சத்தம் என்று நாமாகப் புரிந்துகொள்ள வேண்டும்.

யார் சத்தம் சரி?

ஒரு நாள் புருஷனும் பெண்சாதியுமாக ஒரு காரில் வந்து இறங்கினார்கள். என்ன சத்தம் என்று கேட்டது என் தப்பு. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு "கர்ர்ர்" என்றார். அந்தம்மா, அப்படி இல்லை, "க்ரீச்ச்" என்று திருத்தினார். அவர் மறுபடி இன்னும் பலமாக ஒரு கர்ர். அந்தம்மா இன்னும் உயரத்தில் ஒரு க்ரீச். ரோட்டில் போன சனம் நின்று பார்த்தது. எதிர்க்கடை நாய் எழுந்து வேறு இடம் பார்த்துப் போனது.

சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தால், பிரேக் தட்டுக்கும் அதன் பின்னால் இருக்கிற தகரத்துக்கும் நடுவில் ஒரு சரளைக் கல். தோட்டத்து ரோட்டில் ஓடுகிற வண்டிக்கு இது தடிமன் காய்ச்சல் மாதிரி, யாருக்கும் வரும். ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்துக் கையில் கொடுத்தேன். நன்றி சொல்வார்கள் என்று நினைத்த என்னைச் சொல்ல வேண்டும். அந்தம்மா கல்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "இப்பச் சொல்லுங்க பாஸ், இது போட்டது என்னோட சத்தமா, இவரோட சத்தமா?"

இடது பக்கமே வாழ்ந்தவர்

லுணுகலைப் பக்கத் தோட்டம் ஒன்றில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். வலது பக்கம் திரும்பினால் மட்டும் காரில் சத்தம். நாமாக இருந்தால் அன்றைக்கே கராஜுக்குப் போவோம். அவர் படித்தவர் இல்லையா, யோசித்தார். யோசித்து, வலது பக்கம் திரும்புவதையே விட்டுவிட்டார். டவுனுக்குள் எங்கே போவதானாலும் இடது, இடது, இடது என்று சுற்றியே போவாராம். மலை ரோட்டில் வலது வளைவு வந்து தொலைத்தால், சத்தம் காதில் விழாதபடி பலமாக இருமிக்கொள்வாராம். என்னிடம் வந்ததற்கும் என் கைராசி காரணம் இல்லை. என் கராஜ் இடது பக்கம் இருக்கிறது, அவ்வளவுதான்.

எத்தனை காலமாக இப்படி என்றேன். போன பொங்கலுக்கு முந்தின பொங்கல் என்று சாவகாசமாகச் சொன்னார். இவ்வளவு காலம் கஷ்டப்பட்டிருக்கிறீர்களே என்று வாய் தவறி அனுதாபப்பட்டேன். மனுஷன் என்னை வினோதமாகப் பார்த்தார். "அதுல என்ன பாஸ் கஷ்டம்? வலது பக்கம் எனக்குச் சொந்தக்காரங்க யாருமே இல்லியே."

பிழை வேண்டாம் என்று வந்தவர்

இவர்களெல்லாம் நல்ல மனுஷர்கள் என்று எனக்கு உணர்த்தியவர் செல்லமுத்து அண்ணன். பதுளைக்கும் மடுல்சீமைக்கும் வேன் ஓட்டுகிறவர். அவர் வேனுக்கும் சத்தம்தான். ஆனால் ஒரே ஓர் இடத்தில் மட்டும், ரோதை முனி வளைவில். அதுவும் மேலே ஏறும்போது மட்டும். கீழே இறங்கும்போது கம் என்று இருக்குமாம்.

தோட்டத்து ஆட்களுக்கு ரோதை முனியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ரோதை என்றால் சக்கரம். தேயிலை பெக்டரியில் சுற்றுகிற சக்கரங்களுக்கெல்லாம் காவல் சாமி அவர். அந்தப் பக்கத்துப் பெக்டரியை மூடிய பிறகு அவருக்குச் சுற்ற வைக்க ஒன்றும் இல்லை. ரோட்டோரம் ஒரு கல்லில் உட்கார்ந்து, போகிற வருகிற வண்டிச் சக்கரங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த வளைவு வந்ததும் எந்த டிரைவரும் பாட்டை நிறுத்துவார், ஒரு தரம் ஹோர்ன் அடிப்பார், தாண்டிய பிறகுதான் மறுபடி பாட்டு. ஏறியிருக்கிற சனமும் வாயை மூடிக்கொள்ளும். அது அங்கே சட்டம்.

செல்லமுத்து அண்ணன் கணக்குப்படி, சத்தம் தொடங்கியது மகள் புவனாவுக்குக் கல்யாண வாக்குக் கொடுத்த வாரம். பையன் வேதக்காரன், சர்ச்சுக்குப் போகிறவன். ஆகவே முனி பல்லைக் கடிக்கிறார். சுருட்டு வைத்தாயிற்று, சாராயம் வைத்தாயிற்று, சேவலும் அறுத்தாயிற்று. பல்கடி நிற்கவில்லை. வண்டியில் கோளாறு இல்லை என்று மட்டும் உறுதியாகிவிட்டால், சாமி குத்தம்தான் என்று முடிவு கட்டி, கல்யாணத்தை நிறுத்திவிடுவாராம். இதையெல்லாம் அவர் சொல்லிக்கொண்டிருந்தபோது, அந்த வேதக்காரப் பையன் பின்னால் ஒரு லொறிக்கு அடியில் படுத்து நட்டு முறுக்கிக்கொண்டிருந்தான். ஸ்டீபன். என் கராஜில் எனக்கு அடுத்த கை. லொறி சத்தத்தில் அவன் காதில் ஒன்றும் விழவில்லை. விழுந்திருந்தால் இந்தக் கதையே வேறு.

செல்லமுத்து அண்ணன் கையைப் பிசைந்துகொண்டு சொன்னார்: "வண்டியில ஒரு பிழையும் இல்லன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க பாஸ். மத்ததை நான் சாமிகிட்ட பேசிக்கிறேன்."

மாமனாருக்கு ஒரு நற்சாட்சி

அவசரமாக ஒரு பஸ்காரர் வந்து என்னை இழுத்துக்கொண்டு போனார். போகிற போக்கில் ஸ்டீபனைக் கூப்பிட்டு, வேனை ஒரு சுற்று ஓட்டிப் பார், பிறகு ஜெக் வைத்துத் தூக்கி முன் சக்கரத்தை ஆட்டிப் பார் என்று சொன்னேன். ஏன் எதற்கு என்று விளக்கம் சொல்ல நேரமில்லை.

ஸ்டீபன் நல்ல தொழில்காரன். சாதாரண நாளில் ஒரு சக்கரத்தை நாலு தரம் ஆட்டுவான். ஆனால் வந்திருப்பது மாமனார் ஆகப் போகிறவர். காலி வேனை டவுனைச் சுற்றி ஓட்டினான். ஆள் ஏறாத வண்டி, பாரம் இல்லை, சத்தமும் இல்லை. திரும்பி வந்ததும் மாமா ஆவலோடு, வண்டி எப்படி என்று கேட்டார். ஒரு மாப்பிள்ளை மாமனாரின் வண்டியைப் பார்த்து ஓட்டை வண்டி என்றா சொல்லுவான்? வண்டி தங்கம் மாமா, ஒரு பிழையும் இல்லை, இப்படி வைத்திருக்கிற ஆளை நான் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டான். ஜெக் இருந்த இடத்திலேயே இருந்தது.

நான் திரும்பி வந்தபோது பயல் முகத்தில் தேர்த் திருவிழா. வேன் எங்கேடா என்றேன். "போயிட்டாரு பாஸ். நான் சொன்னதைக் கேட்டு என் தோளைத் தட்டிட்டு, மனசு தெளிஞ்சிருச்சு தம்பின்னு சொல்லிட்டுப் போறாரு."

பாட்டுக் கச்சேரி

அந்தச் சந்தோஷம் பொழுது சாயும் வரைதான். புவனா அழுதுகொண்டே போன் பண்ணினாள். அப்பா கல்யாணத்தை நிறுத்திவிட்டார், மாப்பிள்ளையே தன் வாயால் வண்டியில் பிழை இல்லை என்று சத்தியம் செய்துவிட்டான், இனி என்ன சாட்சி வேண்டும் என்கிறார். தன் கழுத்துக்குத் தானே கயிறு திரித்த மனுஷனை நான் அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன். ஸ்டீபன் கையில் எடுத்த ஸ்பேனரை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டே இருந்தான். அவன் என் தம்பி மாதிரி.

மறுநாள் நானே போய் செல்லமுத்து அண்ணன் வேனில் முன் சீட்டில் ஏறிக்கொண்டேன். சாமியின் கோபத்தை எனக்கும் ஒரு தரம் காட்டுங்கள் என்றேன். வேன் நிறைய சனம். அரிசி மூட்டை, கோதுமை மா மூட்டை, மடியில் பிள்ளைகள். வேன் கிளம்பியதும் பாட்டுச் செட்டைப் போட்டார் பாருங்கள், சீட்டு அதிர்ந்தது, என் பல்லு அதிர்ந்தது, பசறை தாண்டும்போது எனக்கு என் பேர் மறந்துபோயிற்று. கொஞ்சம் குறையுங்கள் அண்ணே என்று கத்தினேன். குறைத்தால் சனம் அடுத்த வேனில் ஏறிவிடும் என்று பதிலுக்குக் கத்தினார்.

முனி வளைவு வந்தது. பாட்டு நின்றது. மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லை. ஒரு ஹோர்ன். ஸ்டியரிங் வலது பக்கம் திரும்பியது. நறநறநற. பின்னால் ஒரு அம்மா நெற்றியில் விபூதி பூசிக்கொண்டார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கும் ஒரு கணம் மயிர் கூச்செறிந்தது. அடுத்த கணம் தொழில்காரக் காது முழித்துக்கொண்டது. சத்தம் கல்லில் இருந்து வரவில்லை. என் இடது காலுக்குக் கீழே இருந்து வந்தது.

அவர் பாட்டைப் போட்டார். நான் கையை நீட்டி நிறுத்தினேன். முறைத்தார். அடுத்த வலது வளைவு, நறநற. இடது வளைவு, ஒன்றுமில்லை. மறுபடி வலது, மறுபடி நறநற. வலது பக்கம் திரும்பினால் வண்டிப் பாரம் இடது சக்கரத்தில் இறங்கும். இடது முன் சக்கரத்து பேரிங் செத்துக்கொண்டிருக்கிறது. அது வளைவுக்கு வளைவு கத்தியிருக்கிறது, பாட்டுச் சத்தத்தில் இவருக்குக் கேட்கவில்லை. மரியாதைக்குச் செட்டை நிறுத்தின ஒரே இடத்தில் மட்டும் கேட்டிருக்கிறது. அந்த வளைவு ஏறும்போதுதான் வலது, இறங்கும்போது இடது. விளக்கமாகச் சொல்லி முடித்தேன். செல்லமுத்து அண்ணன் முகம் வெளுத்துப் போயிற்று. புரிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டேன்.

அவர் பின் சீட்டைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தாழ்ந்த குரலில் கேட்டார்: "அப்ப அவரு வளைவுல இல்லியா பாஸ்? வண்டியிலேயே ஏறிட்டாரா?"

இறங்கி நடந்த சனம்

அங்கேயே நிறுத்தச் சொன்னேன். ஜெக் வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலேயும் கீழேயும் பிடித்து ஆட்டினேன். ஆறு வயசுப் பிள்ளையின் பல் மாதிரி ஆடியது. எட்டிப் பார்த்தேன். ரோட்டுக்குக் கீழே தேயிலை, அதற்குக் கீழே இன்னும் தேயிலை, அடியில் எங்கேயோ ஆறு. இத்தனை உயிரை ஏற்றிக்கொண்டு பாட்டுக் கேட்டுக்கொண்டா வந்தீர்கள் என்று செல்லமுத்து அண்ணனை வாய்க்கு வந்தபடி ஏசினேன். இந்த வண்டி இதற்கு மேல் ஓர் அடி நகராது, எல்லாரும் இறங்குங்கள் என்றேன்.

சனம் இறங்கியது. மூட்டை முடிச்சைத் தலையில் ஏற்றியது. ஏற்ற ரோட்டில் நடக்கத் தொடங்கியது. உயிரைக் காப்பாற்றியவனை யாராவது கையெடுத்துக் கும்பிடுவார்கள் என்று நீங்கள் நினைத்தால், உங்களுக்குத் தொழில் இன்னும் பழகவில்லை. மா மூட்டை வைத்திருந்த அம்மா என் பக்கத்தில் நின்று, என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "இந்த பாஸ் ஏறுற வரைக்கும் வண்டி நல்லாத்தான் பாடிக்கிட்டு வந்துச்சு."

தங்கமும் தகரமும்

போன் பண்ணினேன். ஸ்டீபன் புது பேரிங்கையும் சாமான்களையும் மோட்டார் சைக்கிளில் வைத்துக் கட்டிக்கொண்டு பறந்து வந்தான். ரோட்டோரத்திலேயே கழற்றினோம். உள்ளே கிரீஸ் என்ற பேச்சுக்கே இடமில்லை. சேறும் துருவும். உருளைகள் நீலம் பாரித்து, அவற்றைப் பிடித்திருந்த கூடு நொறுங்கிக் கிடந்தது. வாக்குக் கொடுத்த வாரம் மழை, ஆற்றுத் தண்ணீர் ரோட்டுக்கு மேலே ஓடியது, அதில் வேனை இறக்கி ஏற்றினேன் என்று செல்லமுத்து அண்ணனே ஒப்புக்கொண்டார். பிறகென்ன, தண்ணீர் புகுந்து கிரீஸைக் கழுவிக்கொண்டு போயிருக்கிறது.

ஸ்டீபன் நொறுங்கின துண்டுகளை ஒரு துணியில் பொறுக்கி, பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் நீட்டினான். பாருங்க மாமா, இதுதான், சாமி இல்லை என்றான். செல்லமுத்து அண்ணன் துணியையும் பார்த்தார், அவனையும் பார்த்தார். அவர் கேட்டதில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. "அன்னிக்கு வண்டி தங்கம்னீங்க. இன்னிக்குத் தகரம்ங்கிறீங்க. எந்த வாயை நம்பித் தம்பி நான் பொண்ணைக் குடுக்கிறது?"

சாமி பேசாத வளைவு

பயல் துணியைச் சுருட்டிச் சாமான்களோடு வைத்தான். பதுளைக்குத் திரும்புகிற வழியெல்லாம் மோட்டார் சைக்கிளில் எனக்கு முன்னால் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்தான். குளிர் பாஸ் என்றான். நானும் குளிர்தான் என்று சொல்லி வைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை செல்லமுத்து அண்ணன் ஆள் அனுப்பினார். முனி வளைவில் ஒரு தரம் ஓட்டிப் பார்க்க வேண்டும், இரண்டு பேரும் கூட வர வேண்டும். பாரம் ஏறினால்தான் சரியாகத் தெரியும் என்று நான் முன்னே சொல்லியிருந்தேனா, அவர் குடியிருக்கிற லயத்து வீடுகளில் பாதி வேனில் ஏறிவிட்டது. பெண்சாதி பார்வதி அக்கா நடு சீட்டில் வெற்றிலை போட்டுக்கொண்டு. பக்கத்தில் புவனா, அழுது வீங்கிய கண்ணோடு. ஸ்டீபன் பின்னால் ஒரு மூலையில், யாரையும் பார்க்காமல்.

வளைவு வந்தது. பாட்டு நின்றது. ஒரு ஹோர்ன். ஸ்டியரிங் வலது பக்கம் திரும்பியது. ஒன்றுமில்லை. டயருக்கு அடியில் சரளை நெரிபடுகிற சத்தம் மட்டும். அடுத்த வளைவும் அப்படியே. எனக்கு மூச்சு வந்தது. இனி யார் என்ன சொல்ல முடியும் என்று நினைத்தேன். செல்லமுத்து அண்ணன் வேனை ஓரமாக நிறுத்தினார். பிறகு என் பக்கம் திரும்பினார்: "சத்தமே இல்லியே பாஸ். பேச்சையே நிறுத்திக்கிற அளவுக்கா அவருக்குக் கோவம்?"

பார்வதி அக்கா வாய் திறந்தது

நான் வேனை விட்டு இறங்கிவிட்டேன். பேரிங்கை மாற்றலாம், ஹப்பை மாற்றலாம், வேண்டுமென்றால் முழு எஞ்சினையும் மாற்றலாம். இதை எந்த ஸ்பேனரால் கழற்றுவது? ஸ்டீபன் பின்னால் தலையைக் குனிந்துகொண்டான். புவனா ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

அப்போதுதான் பார்வதி அக்கா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். இவ்வளவு நாளும் அந்த அம்மா இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசினதை நான் கேட்டதில்லை. ஊர் பூராவும் பாட்டைப் போட்டுக் காதை அடைத்துக்கொண்டு திரிகிற மனுஷனுக்கு அந்தச் சாமி வேறு எங்கே வைத்துச் சொல்லும் என்று கேட்டார். ரோதை முனி ரோதையைப் பற்றிச் சொன்னார், நன்றி சொல்லிக் கும்பிட்டுவிட்டு வேலையைப் பாருங்கள். கல்யாணத்தில் குறை இருந்தால் மாரியம்மா யார் மேலாவது வந்து சொல்லுவாள், இந்தத் திருவிழாவில்கூட அவள் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பிள்ளை வண்டி தங்கம் என்று சொன்னது உங்கள் மனசு நோகக் கூடாதே என்றுதான், பெண் கேட்டு வந்த அன்றைக்கு எங்கப்பாவிடம் நீங்கள் சொன்னதில் பாதியாவது உண்மையா என்றார். செல்லமுத்து அண்ணன் விடவில்லை. வாக்குக் கொடுத்த அதே வாரம் ஆற்றில் தண்ணீர் வந்ததே, பொருந்தாத கல்யாணம் என்றுதானே சாமி பல்லைக் கடித்தது என்றார்.

பார்வதி அக்கா புருஷனை நிதானமாகப் பார்த்தார். "பொருந்தாத கல்யாணத்துக்குப் பல்லைக் கடிக்கிற சாமியா இருந்தா, நான் ஒங்களுக்குக் கழுத்தை நீட்டுன அன்னிக்கே அவருக்குப் பல்லு பூராவும் தேஞ்சு போயிருக்கும்."

லயமே சிரித்தது, புவனா சிரித்தாள், கடைசியில் செல்லமுத்து அண்ணனும் சிரித்துத் தொலைத்தார், ஆவணியில் கல்யாணமும் நடந்தது. ஆகவே சக தொழிலாளிகளே, வண்டியில் வருகிற சத்தத்துக்கு பேரிங்கை மாற்றுங்கள், வண்டிக்காரரிடமிருந்து வருகிற சத்தத்துக்கு அவர் பெண்சாதியைக் கூப்பிடுங்கள்.